வகையைத்தான் மாற்றினேன்: வாய்ப் புகையிலையோடு 22 ஆண்டுகள்

புகையிலை என் வாய்க்கு வருவதற்கு முன்பே என் காலுக்கு வந்துவிட்டது. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் ஆடி மழையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், முழங்கால் வரை எதையாவது பூசிக்கொள்ளாமல் இறங்கமாட்டார்கள். அட்டைத் தொல்லை அப்படி. என் அப்பாயி புகையிலைத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கி, அந்தப் பழுப்பு நீரை என் கணுக்காலிலும் விரலிடுக்கிலும் தேய்த்துவிடுவார். ஒட்டிக்கொண்ட அட்டையின் மேல் ஒரு சொட்டு பட்டால் போதும், சுருண்டு உதிர்ந்துவிடும். அட்டையைச் சுருட்டிய அதே துண்டின் மீதியை அப்பாயி அடுத்த நிமிடம் தம் கன்னத்தில் அதக்கிக்கொள்வார். அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் தெளிப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இத்தனையும் பார்த்து வளர்ந்தவனுக்கு, பூச்சியைக் கொல்வது நம்மை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்வி நாற்பது வயது வரை எழவில்லை.

1996-இல் தொடங்கி 2018-இல் விட்டேன். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் நான்கு வகைகள் என் வாயில் இருந்தன: வெற்றிலையோடு இலைப் புகையிலை, பிறகு குட்கா, பிறகு கைனி, கடைசியாக ‘ஃபில்டர்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறு பை. ஒவ்வொரு முறை மாறியபோதும், குறைத்துக்கொள்கிறேன் என்றே வீட்டாரிடம் சொன்னேன்; நானும் அப்படித்தான் நம்பினேன். இந்த வகைகள் உண்மையில் எதில் வேறுபடுகின்றன என்பதை அப்போது யாராவது எனக்கு விளக்கியிருந்தால், குறைந்தது இரண்டு மாற்றங்களையாவது தவிர்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். இந்தியாவில் 2016–17-இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்பவர்கள் 10.7 சதவீதம், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறவர்கள் 21.4 சதவீதம். இரு மடங்கு பேர் வாயில் வைக்கும் ஒரு பொருளைப் பற்றி, பீடி சிகரெட்டைப் பற்றிப் பேசும் அளவில் பாதிகூட நாம் பேசுவதில்லை.

அப்பாயி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு திறந்த தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் லயன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, இருந்தது. அவருடைய புகையிலை மலைக்குக் கீழிருந்து வரும். திண்டுக்கல் பக்கத்து இலை, வேதாரண்யத்து இலை என்று கடைக்காரரிடம் பெயர் சொல்லியே கேட்பார். வெயிலில் உலர்த்தி, மூட்டமாக அடுக்கி, புழுங்கவிட்டு, வெல்லப்பாகு தெளித்துப் பதப்படுத்திய இலை அது. கறுத்து, ஈரமாக, பழைய கருப்பட்டிப் பானையைத் திறந்தது போன்ற மணத்தோடு இருக்கும். வெற்றிலையின் காம்பையும் நுனியையும் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து மென்று, சாறு ஊறிய பிறகே புகையிலையை நரம்பு நீக்கிக் கிள்ளிச் சேர்ப்பார். முதல் சாற்றை எப்போதும் துப்பிவிடுவார். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒரு முறைக்கு அரைமணி நேரம் என்று அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கைத்தான் நான் பாதுகாப்பு என்று தவறாக எண்ணிக்கொண்டேன். அப்பாயிக்குப் புற்றுநோய் வரவில்லை என்பதும் உண்மை. அவரோடு நிரை பிடித்துக் கொழுந்து பறித்த இரண்டு பெண்களுக்குக் கன்னத்தில் வந்தது என்பதும் உண்மை.

சுண்ணாம்பு எதற்கு என்று கேட்டால், சிவப்பதற்கு என்பார்கள், காரத்துக்கு என்பார்கள். அது செய்யும் பெரிய வேலை வேறு. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் அமிலச் சூழலில் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும். அந்த நிலையில் வாயின் உட்தோலைக் கடப்பது அதற்குக் கடினம். காரத்தன்மை கூடக்கூட அது கட்டவிழ்ந்து, தோலை எளிதில் ஊடுருவும் நிலைக்கு வரும். காரகாடித்தன்மை எண் (pH) 8-ஐ ஒட்டி இருக்கும்போது ஏறக்குறைய பாதி நிக்கோட்டின் அப்படி விடுபட்டிருக்கும்; 9-ஐத் தாண்டினால் பெரும்பகுதி விடுபட்டுவிடும். ஆகவே ஒரே இலையை இரண்டு பேர் ஒரே அளவில் போட்டாலும், சுண்ணாம்பு கூடுதலாகச் சேர்த்தவருக்கு வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். புதிதாகப் போடுகிறவர் கிறுகிறுத்து, வியர்த்து, குமட்டி உட்கார்ந்துவிடுவதைப் ‘போயிலை ஏறிடுச்சு’ என்று சிரித்துக் கடந்துவிடுகிறோமே, அது சரியான பொருளில் நிக்கோட்டின் நச்சுதான். போதாக்குறைக்குச் சுண்ணாம்பு தோலையும் பொத்துப்போக வைக்கிறது; புண்ணான இடத்தில் மற்றவை உள்ளே போவதற்கு வழி இன்னும் அகலமாகிறது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது குட்காவின் காலம். மூன்று விரலால் பிடிக்கும் பளபளப்பான பொட்டலம். மடிப்பதற்கும் கிள்ளுவதற்கும் நேரம் வேண்டாம், கிழித்துக் கொட்டிக்கொள்ளலாம். சீவிய பாக்கு, புகையிலைத் தூள், சுண்ணாம்பு, காசுக்கட்டி, வாசனை எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். அப்பாயியின் ஐந்து முறை எனக்குப் பதினான்கு முறையானது இந்தப் பொட்டலத்தால்தான். குட்காவில் புகையிலை மட்டும் குற்றவாளி அன்று. பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. ‘வெறும் பாக்குதான் போடுகிறேன், புகையிலை இல்லை’ என்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். பாக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைத் தடிக்கவைத்து, கன்னத்தை மெல்ல மெல்ல விறைக்கச் செய்கிறது. முதலில் காரம் தாங்காது, பிறகு கொட்டாவி முழுதாக வராது, பிறகு சோற்றுக் கவளம் சிறிதாகும். எங்கள் பாக்கிங் பிரிவில் இருந்த ஒருவருக்கு முப்பத்திரண்டு வயதில் இட்லியைப் பிட்டு ஒருக்களித்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. தம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைத்துப் பார்ப்பது எவரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த விறைப்பு, பழக்கத்தை விட்டாலும் முழுமையாகத் திரும்பாது.

2001 இறுதியில் தமிழ்நாட்டில் குட்கா தடைசெய்யப்பட்டது. 2004-இல் அத்தகைய தடைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள், உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோட்டினோ இருக்கக்கூடாது என்றன. அதைக் கொண்டு 2013-இல் தமிழகத்தில் மீண்டும் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்ய, அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் என்னைப் போன்றவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத் தாவுவது. முதல் தடையில் பொட்டலத்தின் விலை ஏறியதும் நான் கைனிக்குப் போனேன்.

அதைக் கற்றுக்கொடுத்தவர், தூள் மூட்டை ஏற்ற வரும் ஒரு லாரி ஓட்டுநர். இரு பக்கமும் மூடியுள்ள ஒரு சிறு டப்பா வைத்திருந்தார். ஒரு பக்கம் உலர்ந்த புகையிலைத் துகள், மறுபக்கம் சுண்ணாம்பு. உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மறுகையால் நான்கு தட்டு தட்டி, தூசியை ஊதிவிட்டு, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். அவர் தட்டும்போது அருகில் நிற்பவருக்குத் தும்மல் வரும். மூக்கில் குத்தும் அந்த நெடியே, சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறி நிக்கோட்டின் விடுபடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். பாக்கு இல்லை, வாய் சிவப்பதில்லை, தொழிற்சாலைச் சுவரில் துப்ப வேண்டியதில்லை என்பதால் இதை நான் ‘சுத்தமானது’ என்று எண்ணினேன். உண்மையில் மெல்லும்போது வாயெங்கும் பரவிக்கொண்டிருந்தது, இப்போது ஒரே இடத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம் ஊறியது. அப்பாயி துப்பிய சாற்றை நான் விழுங்கினேன்.

பிறகு வந்தது பை. புதினா மணம், வெள்ளைத் துணி, உதட்டுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ஃபில்டர் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ வடிகட்டப்படுகிறது என்று நினைத்தேன். அந்தச் சொல் சிகரெட்டிலும் இதே வேலையைத்தான் செய்தது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் இதில் ஏமாந்திருக்கவே கூடாது. தேநீர்ப் பையை வெந்நீரில் போட்டால் இலைத் துகள் பையில் தங்குகிறது, சாயமும் சுவையும் காஃபீனும் வெளியே வந்துவிடுகின்றன. வாயில் வைக்கும் பையும் அப்படியே. எச்சிலில் கரையும் நிக்கோட்டினையும், நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணியையும் அந்தத் துணி தடுப்பதில்லை. தூள் பல்லில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டுமே அது பயன்படும். ஆனால் வெளியே தெரியாது என்ற வசதி, உறங்கும்போதும் வைத்துக்கொள்ளும் அளவுக்கு என்னைக் கொண்டுபோனது. பள்ளி விட்டு வரும் பையன்கள் பேருந்து நிறுத்தத்தில் மேலுதட்டை உப்பவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, அவர்களுக்கு வாசல் திறந்துவிட்டது அந்தப் புதினா மணம்தான் என்று தோன்றும்.

2017-இல் ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன் ஊருக்கு வந்தபோது, ஒரு வட்ட டப்பாவை நீட்டி, “மாமா, இது அங்கே எல்லோரும் வைக்கிறது, இதிலே கேன்சர் கம்மின்னு சொல்றாங்க” என்றார். ஸ்வீடன்காரர்களின் சுனூஸ் அது. மேலுதட்டுக்குள் வைப்பது, துப்ப வேண்டாதது, பார்க்க என்னுடைய பை போலவே இருப்பது. அப்படியானால் என்னுடையதும் ஆபத்துக் குறைந்ததுதானே என்று நான் உடனே கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே தவறு என்று பின்னாளில் பல் மருத்துவர் சொன்னபோது, எங்கள் தொழிற்சாலையை வைத்தே எனக்கு விளங்கியது.

பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைத்தால் அது தானே நிறம் மாறிக் கறுப்புத் தேயிலையாகிறது. அதே கொழுந்தை முதலிலேயே ஆவியில் காட்டிவிட்டால் அந்த மாற்றம் நின்று பச்சைத் தேயிலையாகவே இருந்துவிடுகிறது. தேயிலையில் அதைச் செய்வது இலையிலுள்ள நொதி. புகையிலையில் நடப்பது வேறு: மூட்டம் போட்டுப் புழுங்கவைக்கும்போது நுண்ணுயிர்கள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன, அது நிக்கோட்டினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து, புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. வாய்ப்புற்றுக்கு முக்கியமான காரணிகள் இவையே. ஸ்வீடன் முறையில் அரைத்த புகையிலையை ஆவியில் சூடேற்றி நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறார்கள், கடையிலும் குளிர்பெட்டியில் வைக்கிறார்கள். அதனால் நைட்ரோசமைன் குறைவு. நம்முடைய பொட்டலங்களில் அப்படி எந்தப் படியும் கிடையாது. மாதக்கணக்கில் கடை வாசலில் தொங்கும் ஈரத்தூளில் அது தொடர்ந்து கூடவும் கூடும். மறுமுனையில் சூடானில் தூம்பாக் என்று ஒன்று இருக்கிறது. வேறொரு புகையிலை இனத்தை நன்றாகப் புளிக்கவைத்து, சோடா உப்புச் சேர்த்துச் செய்வது. அதில் இந்த நஞ்சு மிக அதிகம். ஆக, உதட்டுக்குள் வைக்கும் ஒரே மாதிரிப் பொருளாகத் தோன்றினாலும், சுனூஸுக்கும் தூம்பாக்குக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது. கைனியும் குட்காவும் ஸ்வீடன் பக்கம் நிற்பவை அல்ல. ஸ்வீடன் புள்ளிவிவரத்தைக் காட்டி நம் ஊர்ப் பொட்டலத்துக்கு நற்சான்று வாங்க முடியாது. சுனூஸும் தீங்கற்றது என்று பொருளில்லை. அதிலும் நிக்கோட்டின் அடிமைத்தனம் முழுமையாக உண்டு, கர்ப்பிணிகளுக்கு அது கேடு. ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. 1995-இல் சேர்ந்தபோது ஸ்வீடன் மட்டும் விலக்குப் பெற்றுக்கொண்டது.

என் வாயில் மாற்றம் தெரிந்தது மைத்துனர் மகன் வருவதற்கும் முன்பே. கீழுதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்த்தால், ஈறும் உதடும் சேரும் பள்ளத்தில், கட்டைவிரல் நகமளவுக்கு, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி போல வெளுத்துச் சுருங்கிய தோல். வலி இல்லை. கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் காட்டியபோது சூட்டுப் புண் என்று சொல்லி, சத்து மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். களிம்பைத் தடவிவிட்டு அதன் மேலேயே பையை வைத்துக்கொண்டு எட்டு மாதங்களைக் கழித்தேன். வலிக்காத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுதான் கவனிக்க வேண்டியது என்பதும், இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பல் மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, எந்தப் பக்கம் வைக்கிறீர்கள்?” என்பது. திட்டு இருந்த இடமே பதிலாக இருந்தது. சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்று இல்லை என்று வந்தது. விட்டுவிட்டால் இந்த வெளுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் குறையும், குறையாவிட்டால் மறுபடியும் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

விடுவதற்கு முதல் முயற்சியில் நான் தோற்றதற்குக் காரணம் தேநீர் என்றால் சிரிப்பார்கள். மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். நான்கு நாள் மென்றும் தவிப்பு குறையவில்லை. காசு போனதுதான் மிச்சம் என்று எறிந்துவிட்டு மறுபடி பைக்குப் போனேன். மருத்துவர் எப்படி மென்றேன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நான் அதைத் தேநீரோடு மென்றுகொண்டிருந்தேன். எங்கள் வேலையில் ஒரு நாளைக்கு எட்டுக் குவளை. அந்த கம்மிலும் நிக்கோட்டின் ஏறுவதற்காகக் காரப்பொருள் சேர்த்திருக்கிறார்கள். தேநீர், காப்பி, எலுமிச்சைச் சாறு போன்றவை வாயை அமிலமாக்கி அதைக் கெடுத்துவிடும். அப்பாயியின் சுண்ணாம்பு செய்ததற்கு நேர்மாறான வேலையை என் தேநீர் செய்திருக்கிறது. மெல்வதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து எதுவும் குடிக்காமல், மிளகுக் காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி, காரம் மங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி ஏறக்குறைய அரைமணி நேரம். அதக்குவதில் 22 ஆண்டு அனுபவம் எனக்கு இருந்ததால் இரண்டாவது முறை எளிதாகவே வந்தது.

முதல் மூன்று நாள்கள் மோசமானவை. எரிச்சல், உறக்கமின்மை, வாய் சும்மா இருக்கத் தெரியாமல் தவிப்பது. மூன்றாவது வாரத்தில் கட்டுக்குள் வந்தது. பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை இரண்டு நாள்கள் அழைத்தேன். தமிழில் பேசினார்கள், எந்த நேரத்தில் கை பொட்டலத்துக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததில், பாதிக்கு மேல் பசியை ஒத்திப்போடும் நேரங்களாக இருந்தன. கொழுந்து வரத்து அதிகமான நாள்களில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போகும்; நிக்கோட்டின் பசியை மந்தமாக்கும் என்பதால் எங்கள் பக்கம் பலர் அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே வைத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி பொரிகடலையோ சாப்பிடத் தொடங்கியதும் அந்த நேரத்துப் பொட்டலங்கள் தாமே உதிர்ந்தன. சிலர் சொல்வது போலச் சீவலுக்கு மாறிக்கொள்ள நானும் ஒரு வாரம் பார்த்தேன். பாக்கைப் பற்றி மருத்துவர் சொன்னதைக் கேட்ட பிறகு கிராம்புக்கும் சோம்புக்கும் வந்தேன்.

குளிருக்கு இதம் என்ற பேச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலையில் அதுதான் முதல் சாக்கு. சுண்ணாம்பின் எரிச்சலால் வாயில் சூடு தெரிவது உண்மை. ஆனால் நிக்கோட்டின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. கையும் காலும் அதனால் குளிர்ந்துதான் போகும். விட்ட ஆண்டின் தை மாதத்தில் இரவுப் பணியில் விரல் விறைப்பது குறைந்ததை நான் கையுறையின் பெருமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெளுப்பு ஏழாவது வாரத்தில் போய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உதட்டை இழுத்துக் காட்டிவிட்டு வருகிறேன். கைனியும் பையும் இருந்த இடத்தில் இரண்டு முன்பற்களின் ஈறு மட்டும் இறங்கியது இறங்கியபடியே இருக்கிறது. பல்லின் வேர் வெளியே தெரிகிறது, அது இனி ஏறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்க முடிவதில்லை. அடுப்பில் முதலில் ஒரு குவளை வெந்நீர் வைத்துக்கொண்டுதான் பல் துலக்கப் போகிறேன்.